நானூற்றுப் பன்னிரண்டு ஜிபி

பதினோரு வருடமாகக் கம்ப்யூட்டர் கடை நடத்தும் அஜ்மீரிடம் அதுவரை யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. கண்ணாடி மேசைமேல் மூன்று ஹார்ட் டிஸ்க்குகளை வரிசையாக வைத்து, எது எத்தனை வேகம், எது கீழே விழுந்தாலும் தாங்கும், எதற்கு எத்தனை வருட வாரண்டி என்று அரை மணி நேரம் விளக்கியிருந்தான். தமிழ்ச்செல்வன் ஒவ்வொன்றையும் எடுத்து, தேங்காய் வாங்குகிறவனைப் போலக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தான். பிறகு கடையில் வேறு யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

“இதுல எது மாப்ள ரொம்ப மெதுவா காப்பி ஆவும்?”

அஜ்மீர் மின்விசிறியை நிறுத்திவிட்டு மறுபடி கேட்கச் சொன்னான். மறுபடியும் அதே கேள்விதான் வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்தே தெரிந்தவன் என்பதால் அஜ்மீருக்குக் கோபம் வரவில்லை. ஆனாலும் ஒரு வியாபாரியாக எங்கோ லேசாக வலித்தது.

தமிழ்ச்செல்வனுக்கு வயது முப்பத்து நான்கு. காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். டீயா காப்பியா என்று கேட்டால் “எது ரெடியா இருக்கு?” என்று கேட்கிற வகை. அவன் மனைவி சிவப்ரியாவுக்கு ஒன்றரை வருடத்துக்கு முன் பாண்டியில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் நிரந்தர வேலை கிடைத்தது. அவள் முன்னால் போவது, இவன் மாற்றல் வாங்கிக்கொண்டு பின்னால் போவது என்று ஏற்பாடு. அவள் போனாள். பாண்டியிலிருந்து வரும் பஸ் பூவம் வழியாகத்தான் காரைக்கால் வரும். பூவத்தில்தான் அவள் அம்மா வீடு. முதலில் சனிக்கிழமைதோறும் பூவத்தைத் தாண்டித் தலத்தெருவில் இருக்கும் இவன் வீடு வரை வந்துகொண்டிருந்தவள், பிறகு ஒரு வாரம் இங்கே ஒரு வாரம் அங்கே என்றானாள். பிறகு பூவத்திலேயே இறங்கிக்கொண்டாள். எந்தச் சனிக்கிழமையிலிருந்து என்று கேட்டால் தமிழ்ச்செல்வனால் சொல்ல முடியாது. சண்டை என்று எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் தேதியாவது ஞாபகம் இருந்திருக்கும்.

அவளுடைய பீரோவும் தையல் மிஷினும் போன மாதம் அவள் அண்ணன் ரஞ்சித்குமாரின் வண்டியில் ஏறிப் போய்விட்டன. இட்லித் தட்டுகூடப் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் போன வாரம் அந்தச் செய்தி வந்தது. கம்ப்யூட்டரில் இருக்கும் தன் போட்டோக்களும் சர்டிபிகேட் ஸ்கேன்களும் வேண்டும், அந்த வீட்டில் மிச்சமிருக்கும் தன்னுடைய கடைசிச் சாமான் அதுதான், எடுத்து அனுப்ப முடியுமா என்று எழுதியிருந்தாள். தமிழ்ச்செல்வன் அந்தச் செய்தியை ஆபீஸ் கோப்பைப் போல முன்னும் பின்னுமாகப் படித்தான். கடைசிச் சாமானும் போய்விட்டால் அவள் தலத்தெருவுக்கு வர ஒரு காரணமும் மிஞ்சாது என்பது மட்டும் புரிந்தது. எது உன்னுடையது எது என்னுடையது என்று எனக்குத் தெரியாது, கம்ப்யூட்டர் வேறு உள்ளே கடகடவென்று சத்தம் போடுகிறது, எந்த நேரமும் போய்விடலாம், புதிதாக ஹார்ட் டிஸ்க் வாங்கி வைக்கிறேன், நீயே வந்து பார்த்து எடுத்துக்கொள் என்று பதில் போட்டான். எல்லாம் உண்மைதான். அந்தச் சத்தம் நான்கு வருடமாகக் கேட்கிறது என்பதை மட்டும் எழுதவில்லை.

அவள் எத்தனை நேரம் இருப்பாள் என்பதுதான் அடுத்த குழப்பம். காப்பி எத்தனை நேரம் ஆகுமோ அத்தனை நேரம். இதைக் கணக்குப் போட்டுக்கொண்டுதான் அவன் அஜ்மீர் கடைக்கு வந்திருந்தான்.

அஜ்மீர் விஷயத்தைப் பாதி கேட்டான், மீதியை முகத்தில் பார்த்துக்கொண்டான். “உன் மெஷின் கெழடு. எத வாங்கிட்டுப் போனாலும் அது குடுக்குற வேகந்தான். நீலப் பாயிண்ட்ல சொருகுனா ஒன்றரை மணி நேரம். அதே டிஸ்க்க பக்கத்துல இருக்குற கறுப்புப் பாயிண்ட்ல சொருகு, நாலு மணி நேரம். இதுக்கு எதுக்குடா என்னைய அரை மணி நேரம் கத்த வுட்ட?”

நீலம், கறுப்பு என்றதும் தமிழ்ச்செல்வனுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. கல்யாணமான புதிதில் ஒரு படத்தைப் பென் டிரைவில் ஏற்ற ஒரு மணி நேரமாக அவன் தவம் கிடந்தபோது, சிவப்ரியா தரையில் உட்கார்ந்து, கறுப்பிலிருந்து பிடுங்கி நீலத்தில் சொருகிக் காட்டினாள். நீலம் வேகம், கறுப்பு மெதுவு, இதையாவது மறக்காதீங்க என்றாள். மறந்துபோயிருந்தான்.

கடைசியாக ஒரு கறுப்பு டிஸ்க்கை வாங்கினான். பாதி வழி போனதும் திரும்பி வந்து அதை நீலமாக மாற்றிக்கொண்டான். கதவைத் தாண்டும்போது அஜ்மீர் கூப்பிட்டான்.

“கட் பண்ணிப் போட்றாத. காப்பி பண்ணு. காப்பி பண்ணா இங்கயும் இருக்கும், அங்கயும் இருக்கும். கட் பண்ணா அது வீடு காலி பண்றது.”

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு சிவப்ரியா வந்தாள். அண்ணன் பைக்கில் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஒரு மணிக்கு வந்து கூட்டிப்போவதாகச் சொல்லி வாசலோடு திரும்பிவிட்டான். அவள் செருப்பை வழக்கமாகக் கழற்றும் மூலையில் கழற்றினாள். உடனே நினைத்துக்கொண்டவள் போல, விருந்தாளிகள் விடும் இடத்துக்கு நகர்த்தினாள். தமிழ்ச்செல்வன் அதைப் பார்த்துவிட்டு வாசலில் கிடந்த தன் செருப்பையும் ஏனோ நகர்த்தி வைத்தான். வா என்று சொல்வதா வாங்க என்று சொல்வதா என்று தெரியவில்லை. “வந்தாச்சா” என்றான். அவளும் வந்தாச்சு என்றாள்.

டிஸ்க்கைப் பெட்டியிலிருந்து எடுத்துச் சொருகப் போகும் நேரத்தில் அடுப்படியிலிருந்து அவன் அம்மா சொர்ணாம்பாள் வந்தாள். சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம், புதுப் பொருளை ராகு காலத்தில் தொடங்கக் கூடாது என்றாள். இது வெறும் காப்பிதான் அம்மா, தொடங்குவதெல்லாம் இல்லை என்று அவன் சொன்னான். காப்பியோ என்னவோ, புதுசுதானே என்றாள். சிவப்ரியா லேபில் நாற்பது மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறவள். எந்த மெஷினையும் பஞ்சாங்கம் பார்த்து ஆன் செய்ததில்லை. அவளாவது மறுத்துச் சொல்வாள் என்று தமிழ்ச்செல்வன் பயத்தோடு பார்த்தான். அவள், “சரிங்க அத்தை, பத்தரைக்கே போடலாம்” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

பழைய பொருளுக்கு ராகு காலம் கிடையாது என்பதால், அந்த ஒன்றரை மணி நேரமும் அவள் கம்ப்யூட்டரில் தன்னுடையது எது என்று தேடினாள். அதில் ‘போட்டோ’, ‘போட்டோ புதுசு’, ‘போட்டோ புதுசு உண்மையிலேயே’ என்று மூன்று ஃபோல்டர்கள் இருந்தன. ‘பிரியா போன்’ என்ற ஃபோல்டருக்குள் அவனுடைய ஆபீஸ் சுற்றறிக்கைகள் இருந்தன. ‘ஆபீஸ்’ என்ற ஃபோல்டருக்குள் தரங்கம்பாடிக் கடற்கரையில் அவள் துப்பட்டா பறக்க நிற்கும் நாற்பது படங்கள், அதில் முப்பத்தெட்டில் கண் மூடியிருந்தாள். ‘நியூ ஃபோல்டர்’ ஒன்றிலிருந்து பதினான்கு வரை இருந்தது. அவளுடைய பட்டச் சான்றிதழ், சீர் வரிசை கொடுத்தவர்கள் பட்டியலுக்கும் பக்கத்து வீட்டு அன்னபூரணியின் கேஸ் சிலிண்டர் புத்தகத்துக்கும் நடுவில் கிடைத்தது. கொஞ்ச நேரத்தில் அவள் மவுஸை விட்டுவிட்டாள்.

“இத பிரிக்கவே முடியாது. மொத்தமாத்தான் எடுக்கணும்.”

“எவ்வளவு இருக்கு?”

“நானூத்திப் பன்னெண்டு ஜிபி.”

அவளே சொன்னதால் அவன் முகத்தில் சந்தோஷம் தெரியக் கூடாது என்று கவனமாக இருந்தான். அதிகக் கவனமாக இருந்ததில், ஏதோ துக்கச் செய்தி கேட்டவனைப் போல ஆகிவிட்டது. அவள் அதைப் பார்த்துவிட்டுத் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சரியாகப் பத்தரைக்குச் சொர்ணாம்பாள் சந்தனக் கிண்ணமும் குங்குமச் சிமிழுமாக வந்தாள். கிரைண்டருக்குப் பொட்டு வைத்த வீடு, சைக்கிளுக்கு வைத்த வீடு, இந்தக் கம்ப்யூட்டருக்கே ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் வைத்த வீடு. புதுச் சாமானுக்கு எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. மேலே கம்பெனி பெயர் இருந்தது. பெயர்மேல் வைத்தால் எழுத்து மறையும். கீழே வைத்தால் மேசையில் ஒட்டும். டிஸ்க்கை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். கேபிள் மாட்டும் இடம் கண்ணில் பட்டது. அதுதானே வாய் என்றாள். அந்த வாயின் ஓரத்தில் சந்தனத்தைக் குழைத்து வைத்து, அதன்மேல் குங்குமம் இட்டு, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனாள்.

தமிழ்ச்செல்வன் கேபிளை டிஸ்க்கில் அழுத்தி மாட்டினான். மறுமுனையோடு தரையில் குந்தினான். சிபியுவின் முகத்தில் நீலமும் கறுப்பும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. உடம்பால் மறைத்துக்கொண்டு கறுப்பில் சொருகினான். எழுந்தபோது முதுகில் வியர்த்திருந்தது. முப்பத்து நான்கு வருடத்தில் அவன் தானாக எடுத்த தெளிவான முடிவு அது ஒன்றுதான் என்று தோன்றியது. அதுவும் ஒளித்துச் செய்ததாகப் போய்விட்டது.

சிவப்ரியா எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தாள். கட்டா காப்பியா என்று அவன் எட்டிப் பார்த்தான், காப்பிதான். திரையில் பச்சைக் கோடு ஊரத் தொடங்கியது. முதலில் பதினைந்து நிமிடம் என்றது. பிறகு இரண்டு நாள் என்றது. பிறகு யோசித்து, மூன்று மணி நேரம் ஐம்பது நிமிடம் என்று ஒரு முடிவுக்கு வந்தது. அவள் அந்த எண்ணைப் பார்த்தாள். தலையைச் சாய்த்து ஒரு தடவை கீழே சிபியுவைப் பார்த்தாள். தமிழ்ச்செல்வன் சிபியுவுக்கு முன்னால் நகர்ந்து நின்றான்.

“குடிக்கத் தண்ணி கெடைக்குமா?” என்றாள்.

தண்ணீர் கொண்டுவந்தான். அதற்குப் பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை. நேரத்தைச் சம்பாதித்து வைத்தவன், அதில் என்ன பேசுவது என்று யோசித்து வைக்கவில்லை. பாண்டியில் வெயில் எப்படி என்று கேட்டான். இங்கே இருப்பது போலத்தான் என்றாள். இருபது சதவீதம் வரை அதுதான் பேச்சு. நாற்பது சதவீதத்தில் அவள் தன் லேபைப் பற்றிச் சொன்னாள். சுப்ராயன் என்ற பேராசிரியர் மவுஸைத் தூக்கித் திரையின்மேல் வைத்துத் தேய்ப்பாராம். இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும், இப்படிச் சிரிக்கலாமா என்பதில் இருவருக்கும் சந்தேகம் வந்து, பச்சைக் கோட்டைப் பார்த்தார்கள்.

அறுபது சதவீதத்தில் மீன் குழம்பு வாசனை வந்தது. திருநள்ளாற்றுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு சனிக்கிழமை கவிச்சி சேர்த்ததாக அந்த வீட்டின் வரலாற்றிலேயே கிடையாது. மண்டபத்தூரிலிருந்து வரும் மீன்காரம்மா சனிக்கிழமைகளில் அந்த வாசலில் குரல்கூடக் கொடுக்க மாட்டாள். இன்றைக்குச் சொர்ணாம்பாள் கொல்லைப் பக்கமாக வரச் சொல்லி வாங்கியிருந்தாள். ராகு காலம் பார்த்தவள் சனிக்கிழமையை எப்படி விட்டாள் என்று தமிழ்ச்செல்வன் யோசித்துப் பார்த்தான். பிடிபடவில்லை.

சாப்பாட்டின்போது சொர்ணாம்பாள் சிவப்ரியாவின் தட்டில் ஒரு துண்டு அதிகமாக வைத்தாள். மகனைப் பார்க்காமல், குழம்புச் சட்டியைப் பார்த்துச் சொன்னாள். “அம்மா ஒண்டியா இருப்பா, எப்படி வுட்டுட்டுப் பாண்டிக்கு வர்றதுன்னு ஒங்கிட்ட சொன்னானாமே. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. நான் போடான்னுதான் சொல்லிருப்பேன்.”

சிவப்ரியா மீனில் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள். எல்லா முள்ளையும் எடுத்த பிறகும் எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு மணிக்கு ரஞ்சித்குமாரின் போன் வந்தது. இன்னும் முடியவில்லை, முடிந்ததும் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

ஒன்று நாற்பதுக்கு, எண்பத்தொரு சதவீதத்தில், டொய்ங் என்று ஒரு சத்தம் கேட்டது. பச்சைக் கோடு நின்றது. டிஸ்க்கைக் காணவில்லை என்று திரை சொன்னது. டிஸ்க் அங்கேதான் மேசைமேல் இருந்தது. தமிழ்ச்செல்வன் கீழே சிபியுவைப் பார்த்தான். கறுப்பில் சொருகியதால்தான் இப்படி ஆகியிருக்கும், வேண்டுமென்றே மெதுவாகப் போகச் செய்தால் மெஷினுக்கே சலித்துப் போயிருக்கும் என்று நினைத்தான். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தான். அதற்குள் அவள் டிஸ்க்கிலிருந்து கேபிளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மூன்று மணி நேரச் சூட்டில் காய்ந்து வெடித்த சந்தனம், குங்குமத்தோடு சேர்ந்து வாய்க்குள் பொருக்காக உதிர்ந்திருந்தது.

“சாமி குத்தமில்ல. சந்தனந்தான்,” என்றாள்.

உடனே துடைத்து மாட்டலாம் என்று அவன் சொல்ல, உள்ளேயிருந்து சொர்ணாம்பாளின் குரல் வந்தது. ஒன்றரையிலிருந்து மூன்று வரை எமகண்டம், மூன்றுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். சிவப்ரியா இதற்கும் சரிங்க அத்தை என்றாள்.

எந்த இடத்தில் நின்றது என்று பார்க்க அவள் கம்ப்யூட்டரில் தேடினாள். ‘நியூ ஃபோல்டர் ஏழு’க்குள் ‘திருநள்ளாறு’ என்ற வீடியோவில் நின்றிருந்தது. கல்யாணமாகி முதல் சனிப்பெயர்ச்சிக்குப் போய், கூட்டத்தில் ஒருவரையொருவர் தொலைத்து, தமிழ்ச்செல்வன் வேறு யாரோ ஒரு பெண்ணின் முதுகை நாற்பது நிமிடம் வீடியோ எடுத்துக்கொண்டே போன நாள். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அதற்கு அடுத்தபடியாக, ஆங்கில எழுத்து வரிசைப்படி, ஏழு கோப்புகள் இருந்தன. ‘டிரான்ஸ்ஃபர்’. ‘டிரான்ஸ்ஃபர் ஃபைனல்’. ‘டிரான்ஸ்ஃபர் ஃபைனல் 2’. ‘டிரான்ஸ்ஃபர் ஃபைனல் திருத்தியது’. இப்படியே போயிற்று.

தமிழ்ச்செல்வன் அது ஆபீஸ் விஷயம் என்றான். அவன் சொல்லி முடிப்பதற்குள் முதலாவது திறந்திருந்தது. குடும்பச் சூழ்நிலை காரணமாகப் பாண்டிக்கு மாற்றல் வேண்டி என்றிருந்தது. இரண்டாவதில் குடும்பச் சூழ்நிலையை எடுத்துவிட்டு நிர்வாகக் காரணங்கள் என்று போட்டிருந்தான். மூன்றாவதில் என் மனைவி பாண்டியில் பணிபுரிவதால். நான்காவதில் அந்த வரி நீக்கப்பட்டுக் குடும்பச் சூழ்நிலை திரும்ப வந்திருந்தது. தேதிகளைப் பார்த்தாள். முதலாவது அவள் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள். ஏழாவது போன செவ்வாய்க்கிழமை, அவளுடைய செய்தி வந்த மறுநாள். அதில் ‘ஐயா, எனக்கு அங்கே இருக்க வேண்டும்’ என்பதோடு நின்றிருந்தது. அப்படியெல்லாம் அரசாங்கத்துக்கு எழுத முடியாது என்று அன்றைக்கு மூடிவைத்தவன்தான்.

“ஏழு எழுதியிருக்கீங்க.”

“ஆமா.”

“ஒண்ணு கூட குடுக்கல.”

“காரணம் சரியா வரல,” என்றான்.

அவள் திரும்பவில்லை. மூக்கை உறிஞ்சுவது போல ஒரு சத்தம் வந்தது. சிரிப்பாகவும் இருக்கலாம். பின்னால் நின்றிருந்தவனுக்கு அவளுடைய பின்னலும் காதும்தான் தெரிந்தன. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. முன்னால் போய்ப் பார்க்கலாம். போனால் என்ன முகத்தோடு போவது? நின்ற இடத்திலேயே நின்றான். கம்ப்யூட்டர் உள்ளே கடகடவென்றது.

“இந்தச் சத்தம் நான் போறதுக்கு முன்னாடியே இருந்துச்சே,” என்றாள் அவள், கோப்புகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே.

மூன்று மணி அடித்தது. சிவப்ரியா துப்பட்டாவின் நுனியை முறுக்கித் திரியாக்கி, டிஸ்க்கின் வாயில் விட்டுச் சந்தனப் பொருக்கைத் துடைத்தாள். கேபிளின் முனையையும் துடைத்தாள். ஏற்கனவே போனது இருக்கட்டும், மிச்சத்தை மட்டும் போட்டால் போதாதா என்று அவன் கேட்டான். பாதியில் நின்றதை நம்ப முடியாது, எது முழுசாகப் போயிற்று எது உடைந்தது என்று யாருக்குத் தெரியும், முதலிலிருந்து போடுவதுதான் முறை என்றாள். லேபில் அப்படித்தான் செய்வார்களாம். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

நான் சொருகுகிறேன் என்று அவன் குனிவதற்குள் அவளே தரையில் குந்திவிட்டாள். அவ்வளவுதான், தெரிந்துவிடும், கறுப்பிலிருந்து பிடுங்கி நீலத்தில் போடுவாள், ஒன்றரை மணி நேரம் என்று தமிழ்ச்செல்வன் கணக்குப் போட்டான். அவள் கறுப்பிலிருந்து பிடுங்கினாள். அந்த முனையையும் துடைத்தாள். கை நீலத்துக்கு நேரே வந்தது. நீலத்தில் படிந்திருந்த தூசியை விரலால் ஒரு தடவை தட்டிவிட்டாள். பிறகு கை அதைத் தாண்டிப் போய், கறுப்பிலேயே சொருகியது.

இடம் இருட்டாக இருந்ததால் இருக்கலாம். அவசரமாக இருக்கலாம். நாற்பது மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறவளுக்கு நீலமும் கறுப்பும் தெரியாமல் போகாது. ஆனால் தூசி தட்டியவள் ஏன் அதில் போடவில்லை? காலையிலேயே கீழே பார்த்தாளே, அப்போதே தெரியுமா? தெரிந்துதான் தண்ணீர் கேட்டாளா? கேட்டுவிடலாம். கேட்டால் அவன் காலையில் செய்ததையும் சொல்ல வேண்டியிருக்கும்.

அவள் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி தேர்ந்தெடுத்தாள். பச்சைக் கோடு ஊர்ந்தது. உடனே டொய்ங் என்றது. கேபிள் இன்னும் ஆடியது. அவள் டிஸ்க்கை ஒரு பக்கமாகச் சாய்த்து, கேபிளை லேசாக மேலே தூக்கிப் பிடித்தாள். கோடு திரும்ப வந்தது. அந்த நிலையிலிருந்து மாறாமல், அவன் கையைப் பிடித்து இழுத்து, கட்டைவிரலைக் கேபிளுக்கு அடியில் வைத்தாள்.

“இத இப்படியே புடிச்சிக்கிங்க. அசஞ்சா போயிரும்.”

அவளுடைய போன் மேசைமேல் அதிர்ந்தது. ரஞ்சித்குமார் என்று காட்டியது. அவள் அதை எடுக்காமல் கவிழ்த்து வைத்தாள். அடுப்படியிலிருந்து சொர்ணாம்பாள், சாயந்தரத்துக்குத் தோசை மாவு எத்தனை பேருக்குக் கலக்குவது என்று பொதுவாகக் கேட்டாள்.

தமிழ்ச்செல்வன் பாதி குனிந்தபடி நின்றான். உட்கார நாற்காலி எட்டவில்லை. எட்டினாலும் அசையக் கூடாது. டிஸ்க்குக்குள் ஏதோ சுற்றுவது கட்டைவிரலில் மெல்லியதாக அதிர்ந்தது. விரல் நகத்தில் குங்குமம் ஒட்டியிருந்தது. திரையில் பதினோரு நிமிடம் என்று வந்தது. அது மாறி, ஒரு நாள் நான்கு மணி நேரம் என்றானது. அதுவும் மாறி, மீதமுள்ள நேரம் கணக்கிடப்படுகிறது என்று நின்றது.